கோயில் கூட்டுகிறவனின் கிரேக்கப் பட்டம்

நான் கோயில் கூட்டத் தொடங்கியது பக்தியால் அல்ல, கோபத்தால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நல்ல மனுஷன் என்று நினைத்து வாசித்துவிட்டுப் பிறகு யாரும் ஏமாறக்கூடாது.

2009 வைகாசியில் என் அண்ணை வன்னியில் காணாமல் போனார். போரின் அந்தக் கடைசி நாட்களில் அவரும் அண்ணியும் நாலு வயது மகளும் சனத்தோடு சனமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் அண்ணை நின்று, "நீங்கள் போய்க்கொண்டிருங்கோ, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணியும் பிள்ளையும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணை வரவில்லை. பின்சில்லில் காற்று நிற்காத பழைய சைக்கிள் அது என்று அண்ணி பிறகு சொன்னார். அதற்காக ஒரு மனுஷன் திரும்பிப் போவாரா என்று அண்ணையோடு நான் மனத்துக்குள் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் தேர் ஓடுகிற பிள்ளையார் கோயிலை எல்லாருக்கும் தெரியும். பஜோல் தெருவில் இருக்கிற அந்தக் கோயிலைப் பற்றி நான் சொல்லவில்லை. அதிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஒரு கட்டடத்தின் உள்முற்றத்தில், முன்பு துணிக் கிடங்காக இருந்த அறையில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. பெயர்ப்பலகை கூடக் கிடையாது. அந்த ஆண்டு ஆவணியில் ஒரு நாள் அங்கே போனேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, ஊரில் எங்களுக்குப் பக்கத்து வட்டாரத்து மனுஷர் ஒருவர் குறுக்கே வந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"அண்ணையின்ரை விஷயம் கேள்விப்பட்டனாங்கள். உங்களுக்குத் துடக்கெல்லோ? உள்ளை வரலாமோ?"

துடக்கு என்றால் செத்தவீட்டுத் தீட்டு. கூடப் பிறந்தவர் செத்தால் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. சாவு தூரத்தில் நடந்திருந்தாலும், செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து கணக்கு. அந்த மனுஷர் கெட்டவர் அல்ல. முறையைத்தான் சொன்னார். ஆனால் என் அண்ணை செத்துப்போனார் என்று என் முகத்துக்கு நேரே முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான்.

"ஆர் சொன்னது அவர் செத்தவர் எண்டு? நீங்கள் பார்த்தனீங்களோ?"

"இல்லை, எல்லாரும் கதைக்கினம்…"

நான் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். போன பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கும்பிட மனம் வரவில்லை. சுவரோடு ஒரு தும்புத்தடி சாத்தியிருந்தது. அதை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன். துடக்கு உள்ளவன் கோயிலில் தும்புத்தடியைத் தொடமாட்டான், பாருங்கள் எல்லாரும் என்று ஊருக்குக் காட்டிய கூட்டு அது. ஐயர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். நான் கூட்டுகிற நாளெல்லாம் அண்ணை உயிரோடு இருக்கிற நாள் என்று எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. அதை நான் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. லா சப்பலில் எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

என் சம்பள வேலையும் கூட்டுகிற வேலைதான். பாரிஸில் ஒரு அருங்காட்சியகத்தில், சனம் வருவதற்கு முன் தரை துடைக்கிற வேலை. பாரிஸுக்கு வெளியே சார்செல்லில் இருக்கிற வீட்டிலிருந்து முதல் RER D ரயிலைப் பிடித்து வந்து, கைகால் உடைந்த கிரேக்கச் சிலைகளுக்கு நடுவே மெஷினைத் தள்ளிக்கொண்டு போவேன். வேலை முடிந்து மெத்ரோ எடுத்து லா சப்பலுக்குப் போனால், பத்து மணிப் பூசைக்கு முன் அம்மன் கோயிலைக் கூட்டிவிடலாம். பிரெஞ்சுக்காரன் தரைக்குச் சம்பளம், அம்மன் தரைக்குச் சும்மா என்று என் மனைவி பகிடி பண்ணுவாள்.

அங்கே கல்வெட்டுப் பகுதியில் ஒரு கல் இருந்தது. ஏதோ சிலைக்கு அடியில் பீடமாக இருந்த கல். சிலை போய்விட்டது, எழுத்து மட்டும் மிச்சம். பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கச் சீட்டில் 'நெயோகோர்' என்று ஒரு பிரெஞ்சுச் சொல். அது எனக்குத் தெரியாத சொல். என் பிரெஞ்சு வேலைக்கும் பப்பியே என்கிற விசாக் கடதாசிகளுக்கும் மட்டும் போதுமான பிரெஞ்சு. அதனால் தெரியாத சொற்கள் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு நாளும் முன்னால் நின்று துடைக்கிற சொல் கொஞ்சம் உறுத்தும்.

அருங்காட்சியகம் மூடியிருக்கும் நாளில் கல்வெட்டுகளைப் படிக்க ஒரு அம்மா வருவார். வெள்ளை முடி, கழுத்தில் இரண்டு கண்ணாடி. ஒரு தரம், "மதாம், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு என்னையும் என் கையிலிருந்த துடைப்பத்தையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"மிஸ்யூ, அது உங்களுடைய வேலைதான்" என்றார்.

கிரேக்கத்தில் அந்தச் சொல் நெயோகோரோஸ். முன்பாதிக்குக் கோயில் என்று பொருள். அதில் சண்டை இல்லை. பின்பாதிக்குக் கூட்டுதல் என்று பழைய ஆட்கள் பொருள் சொன்னார்கள், கோயில் கூட்டுகிறவன். இப்போதைய படிப்பாளிகளில் சிலர் அதை ஒப்புவதில்லை, பராமரிப்பது, பார்த்துக்கொள்வது என்பதுதான் வேராக இருக்கும் என்கிறார்கள். மிகப் பழைய களிமண் பலகைகளில் இதற்கு உறவான ஒரு சொல் இருக்கிறதாம், அங்கேயும் அது யாரோ வேலையாட்களைத்தான் குறிக்கிறதாம். எது சரி என்று கேட்டேன். தெரியாது என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார். தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவர்களை நான் அதுவரை கண்டதில்லை. என் வீட்டில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு வேறு முகம்.

பிறகு அந்த அம்மா ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லித் தந்தார். கூட்டுகிறவனிடம் கோயில் திறப்பு, அதாவது சாவி, இருந்தது. திறப்பு இருந்ததால் கோயில் சொத்துக்கும் அவனே பொறுப்பானான். பொறுப்பு வந்ததும் மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததும் பணக்காரர் வந்துவிட்டார்கள். ஊரில் பெரிய மனுஷர்கள் அந்தப் பட்டத்தை வாங்கித் தங்கள் பெயருக்கு முன்னால் வெட்டிக்கொண்டார்கள். நான் துடைத்த கல் அப்படி ஒருவருடையதுதான். ரோம அரசர்கள் காலத்தில் மனுஷர் போய், பட்டணங்களே அந்தப் பட்டத்தைக் கேட்டு நின்றன. அரசனுக்குக் கோயில் கட்டிய பட்டணம் அந்தக் கோயிலின் நெயோகோரோஸ். எபேசு ஒரு பக்கம், ஸ்மீர்னா ஒரு பக்கம், நான் இரண்டு தரம், நீ ஒரு தரம் என்று காசில் அச்சடித்துப் போட்டி போட்டார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லா சப்பலில் ஒரு கடைக்கு ஒரு சங்கம், ஒரு சங்கத்துக்கு மூன்று தலைவர், அவர்களுக்கு மேல் ஒரு வாழ்நாள் போஷகர். எங்கள் ஆட்கள் கிரேக்கம் படிக்காமலே இந்த அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

"அப்போது உண்மையில் கூட்டியது யார்?" என்று கேட்டேன்.

"அவனுக்குக் கல் இல்லை, மிஸ்யூ" என்றார். பிறகு, இன்றைக்குக் கிரீஸில் தேவாலயத்தைத் திறந்து கூட்டி விளக்கு ஏற்றுகிற ஆளை இதே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார். பணக்காரரும் பட்டணங்களும் போய்ச் சேர்ந்த பிறகு பட்டம் மறுபடியும் தும்புத்தடிக்காரனிடம் வந்துவிட்டது. அன்றைக்கு அம்மன் கோயிலைக் கூட்டும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன், பொய் சொல்லவில்லை.

இன்னொரு வாரம் துடக்கைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு தெரியாமல் பெரிய பாடு பட்டேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவர்களிடமும் இருந்ததாம். சாவு வீட்டு வாசலில் தண்ணீர்ச் சட்டி வைத்திருப்பார்கள். அந்த வீட்டுக்குப் போய் வந்தவர் இத்தனை நாள் கோயிலுக்குள் வரக்கூடாது என்று கல்லிலே வெட்டி வைத்திருப்பார்கள். நாள் கணக்கு ஊருக்கு ஊர் வித்தியாசம்.

"உடல் கிடைக்காதவருக்கு?"

நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வெறுங் கல்லறை கட்டுவார்கள் என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். செத்துவிட்டார் என்று சடங்கெல்லாம் செய்து முடித்த பிறகு உயிரோடு திரும்பி வருகிறவர்களும் இருந்தார்களாம். அப்படி வந்தவனைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். அவன் செத்தவர் கணக்கில் இருக்கிறான். பிறந்த குழந்தையைப் போல அவனைக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பால் கொடுத்து, மறுபடியும் பிறந்ததாகச் சடங்கு செய்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம்.

அன்றைக்கு நான் கோயிலுக்கு நடந்தே போனேன். என் அண்ணை திரும்பி வந்து, நாங்கள் செய்த அந்தியேட்டியால் கோயில் வாசலில் நிற்க வேண்டி வந்தால்? அவருக்குப் பால் கொடுக்க அம்மாவும் இல்லை. ஒருக்காலும் செய்யமாட்டேன் என்று நடுத்தெருவில் நின்று எனக்கு நானே சொன்னேன்.

அண்ணையைத் தேடுவது எனக்கு ஒரு வியாதியாக இருந்தது. அவருக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கினாற்போல நடை. ஒரு மாலை கார் து நோர் ரயில் நிலையத்தில் அப்படி ஒரு நடை முன்னால் போயிற்று. சார்செல் ரயிலை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய் ரயில் மாறி மாறி ஏறி, ஆர்ஜொந்தெய் வரைக்கும் போய்விட்டேன். அங்கே இறங்கித் திரும்பிப் பார்த்தவர் ஒரு பங்களாதேஷ்காரர். பாவம், பயந்துபோனார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடையில் உட்கார்ந்தேன். அவர் அண்ணை இல்லை என்பதைவிட, ஆர்ஜொந்தெய் போகும்வரை இருந்த அந்த அரை மணி நேரம் முடிந்துவிட்டதே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வாய்விட்டு அழுதேன். ஒரு பிரெஞ்சுப் பெண் கைக்குட்டைக் கடதாசி நீட்டினாள்.

ஊரில் இருக்கிற அண்ணியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பேன். மகளின் படிப்பு, கிணற்றுத் தண்ணீர், மழை. மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல்கள் லேசு என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னபோது அண்ணி மாட்டேன் என்று எழுந்து வந்தார் என்பதை வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். அண்ணையின் பெயரை நாங்கள் இரண்டு பேரும் எடுப்பதில்லை. பத்து வருஷம் அப்படியே போயிற்று.

பத்தாவது வருஷம் குளிர்காலத்தில், வேலையில் மெஷினைப் படியால் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. டொக்டர் இரண்டு கிழமை ஓய்வு எழுதினார். அந்தக் கடதாசியை வேலைக்கு அனுப்பினேன். கோயிலுக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை. அறிவித்திருக்க வேண்டும். நான் யாரிடமும் கேட்டு எடுத்த வேலையா அது, லீவு சொல்லுவதற்கு என்று ஒரு வீம்பு. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மனைவியும் லா சப்பல் பக்கம் போகவில்லை.

எட்டாம் நாள் சனிக்கிழமை, பதினொரு மணியிருக்கும். சார்செல்லில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறி மூச்சு வாங்கியபடி இரண்டு குடும்பம் வாசலில் நின்றது. கோயிலில் காண்கிற ஆட்கள்தான். ஒருவர் கையில் பெரிய சோற்றுச் சட்டி, ஒருவர் கையில் கறிகள், ஒரு பெண் கையில் கோப்பிப் போத்தல். எல்லாம் மரக்கறி. முகமெல்லாம் தொங்கிப்போயிருந்தது. அந்த நேரம் என் மனைவி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

மீன் மணம் வாசல்வரை வந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரிக்கக்கூடாது. அதனால்தான் ஆட்கள் சமைத்துக் கொண்டுவருவது. இங்கே அடுப்பும் எரிகிறது, மீனும் பொரிகிறது.

"என்ன இது, சாப்பாடெல்லாம்?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லை அக்கா, உங்கடை மனுஷனுக்குத் துடக்கெண்டு…" என்று அந்தப் பெண் தொடங்கி நிறுத்திவிட்டாள்.

எனக்குப் படுக்கையில் கிடந்தபடியே விளங்கிவிட்டது. பத்து வருஷம் ஒருநாள் விடாமல் கூட்டியவன் ஒரு கிழமையாக இல்லை. மனைவியும் இல்லை. ஒரு போன் இல்லை. வேறு என்ன நினைப்பார்கள்? அண்ணையைப் பற்றிச் செய்தி வந்துவிட்டது, துடக்குக் காக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான்தான் பத்து வருஷமாக அவர்களுக்கு அப்படி வாசிக்கப் பழக்கியவன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

"முதுகு. முதுகுப்பிடிப்பு மட்டும்தான். அண்ணையைப் பற்றி ஒண்டும் இல்லை."

அவர்களில் மூத்தவர் சட்டியை நிலத்தில் வைத்தார். "ஐயோ, நாங்கள் ஊருக்கும் அறிவிச்சுப்போட்டம்" என்றார்.

"ஆருக்கு?"

"முந்தநாள் எங்கடை மாமிக்கு. அவ உங்கடை அண்ணி இருக்கிற ஒழுங்கையிலைதான் இருக்கிறா."

பதினொன்றரைக்கு, ஊரில் பின்னேரம் நாலு மணிக்கு, அண்ணிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கு, பன்னிரண்டேகாலுக்கு, பிறகு கணக்கில்லை. வந்தவர்கள் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் சோபாவில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். மனைவி அவர்கள் கொண்டுவந்த கோப்பியையே அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். அண்ணி என்ன செய்துகொண்டாரோ என்று போனைக் கீழே வைக்காமல் இருந்தேன். அண்ணை வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்லுவேன் என்று அந்த நேரத்திலும் அவரையே நினைத்தேன். மூன்று மணிக்குத்தான் அண்ணி எடுத்தார்.

"அண்ணி, ஒண்டும் நடக்கேல்லை. எனக்கு முதுகு. அதுதான் கோயிலுக்குப் போகேல்லை. சனம் பிழையாய் விளங்கிப்போட்டுது."



"அப்ப உங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் அறிவிக்கேல்லையோ?" என்று அண்ணி கேட்டார்.

"இல்லை அண்ணி. சத்தியமாய் இல்லை."

"மாமி இண்டைக்கு மத்தியானம்தான் வந்து சொன்னவ. கேட்டவுடனை கிணத்தடிக்குப் போய்த் தலையிலை தண்ணி ஊத்தித் தோய்ஞ்சனான். அழுகை வரேல்லை. தோய்ஞ்சுபோட்டு வந்து படுத்தனான், தம்பி. அப்பிடியே நித்திரையாப் போனன். நீங்கள் எடுத்தது ஒண்டும் கேக்கேல்லை." அவர் குரல் உடைந்தது. "பத்து வருஷத்திலை நான் ஒருநாளும் அப்பிடி நித்திரை கொண்டதில்லை. அவர் இல்லை எண்டு கேட்டுப்போட்டு நான் நித்திரை கொண்டிருக்கிறன். நான் என்ன மனிசி தம்பி?"

அண்ணி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"நான் லா சப்பலுக்குப் போற வாற எல்லாரையும் கேக்கிறனான், தம்பி இன்னும் கோயில் கூட்டுறாரோ எண்டு. உங்களைக் கேக்கப் பயம். வெளியிலை இருக்கிற உங்களுக்குத்தான் முதல் தெரிய வரும் எண்டு நினைச்சனான். கூட்டுறார் எண்டு சொன்னால் அண்டைக்குச் சமைப்பன்."

கூட்டுவது என் கோபம், என் அண்ணை, என் கணக்கு என்று இருந்தவன் நான். அந்தத் தும்புத்தடியின் மற்ற நுனியை ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பெண் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. நான் அவரை நம்ப வைத்திருந்தேன், அதே கையால் அவரை அழவும் தூங்கவும் விடாமல் வைத்திருந்தேன். இதில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"விட்டிடட்டோ அண்ணி?" என்று கேட்டேன். "நீங்கள் சொன்னால் விட்டிடுறன். அந்தியேட்டியும் செய்வம்."

 மகள் பின்னால் ஏதோ கேட்டாள். பொறு என்று அவளுக்குச் சொல்லிவிட்டு அண்ணி மூக்கை உறிஞ்சினார்.

"நாளைக்குக் கூட்டுங்கோ தம்பி. நாளையிண்டைக்குப் பாப்பம்."

அடுத்த நாள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். மனைவி பின்னாலேயே வந்து குப்பையை அள்ளினாள். மாலையில் அண்ணி தானாகவே போன் எடுத்தார். "கூட்டினனீங்களோ?" என்றார். "ஓம்" என்றேன். "நாளைக்கும் கூட்டுங்கோ" என்றார். அதற்கு மேல் ஒரு நாளைப் பற்றியும் நாங்கள் கதைக்கவில்லை.

இப்போது ஞாயிறு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். மழையும் இல்லை, கிணறும் இல்லை. "நாளைக்குக் கூட்டுங்கோ." அவ்வளவுதான். ஒரு நாள் அவர் அதைச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். களைத்துப்போனார், படுக்கட்டும் என்று நான் தும்புத்தடியைச் சாத்திவிட்டு முப்பத்தொரு நாள் வீட்டில் இருக்க வேண்டி வரும்.  அண்ணிக்கும் எனக்கும் இவ்வளவு பெரிய விஷயம் நடக்கும்போது, முதலில் ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு வேண்டியவர் அண்ணை ஒருவர்தான்.